‘நம்பிக்கை வரட்சி’: ஒரு விமர்சனச் சொல்லின் மறுபரிசீலனை

1

ஈழத்துத் தமிழ் இலக்கிய விமர்சனத்தில் நீண்டகாலம் பெருவழக்காக இருந்த சொற்றொடர்களுள் ‘நம்பிக்கை வரட்சி’ என்பதும் ஒன்று. ஒரு சிறுகதையோ கவிதையோ துன்பத்தைச் சித்திரித்துத் துன்பத்திலேயே முடிவுறுமாயின், அதன் ஆசிரியர் மக்கள்மீதும் வரலாற்றின்மீதும் நம்பிக்கை இழந்தவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. மறுபுறத்தில், இறுதி வரியிலே கிழக்கு வெளுக்கும் படைப்புகள் ஆரோக்கியமானவை என்று பாராட்டப்பெற்றன. இத்தீர்ப்புகள் சில வேளைகளிற் சரியானவையாகவும் அமைந்தன. எனினும் ‘நம்பிக்கை’ என்று அவை கருதியது யாது என்பது போதிய அளவு விசாரிக்கப்படவில்லை.

இச்சொல்லை இன்று மீண்டும் எடுத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் பின்னர் பல்கலைக்கழகம் புகுந்த தலைமுறையினரிடையே, பொதுவாழ்வில் ஈடுபடுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற எண்ணம் பரவலாகக் காணப்படுகின்றது. அவர்களைச் சோர்ந்தவர்கள் என்று கண்டிப்பது எளிது. ஆயின் இனத்தாலும் மதத்தாலும் சாதியாலும் கட்சியாலும் பிளவுண்ட ஒரு சமூகத்தில் நம்பிக்கையோடிருத்தல் என்பதன் பொருளை நாம் அவர்களுக்கு எடுத்துக் காட்டியிருக்கின்றோமா என்பது வேறு கேள்வி. இலக்கிய விமர்சனத்துக்கும் இதிற் பொறுப்புண்டு. ஒரு படைப்பின் நம்பிக்கை அதன் முடிவுரையில் தங்கியிருப்பதில்லை. அப்படைப்பு யாரை நோக்கிப் பேசுகின்றது, தன் தரப்பினரிடமிருந்து எதனைக் கோருகின்றது என்பவற்றிலேயே தங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஈழத்து எழுத்துக்கள் சிலவற்றைக் கொண்டு அதனை நிறுவ முயல்வோம்.

2

இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தோன்றியது. தேசிய இலக்கியம், மண்வாசனை என்னும் கோட்பாடுகள் அதன் வழியாகவே வலுப்பெற்றன. ஒடுக்கப்பட்ட சாதியினரதும் கூலி உழைப்பாளரதும் வாழ்வு இலக்கியத்தின் மையத்துக்கு வந்தமை அவ்வியக்கத்தின் மறுக்க முடியாத பங்களிப்பாகும். அதன் நம்பிக்கைக் கோட்பாடும் வெறுங்கற்பனையில் எழுந்ததன்று. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேற்றப்பட்டிருந்தும், யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் தீண்டாமை தொடர்ந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தாக்குதலுக்குள்ளானது. அடுத்த ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைப்புருப் பெற்றது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. சுபத்திரனின் ‘இரத்தக்கடன்’ (1969) தொகுதியும் கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) நாவலும் இப்பின்னணியில் எழுந்தவை. அவற்றிற் காணப்படும் வெற்றி நம்பிக்கைக்குத் தெருவில் நடந்த மனிதர்கள் ஈடாக நின்றனர். கவிஞன் வாக்குறுதி அளித்தான். வாக்குறுதியை நிறைவேற்றும் வேலை வெளியே நடந்துகொண்டிருந்தது.

ஆனால் வாய்பாடு ஒன்று உருவாகிவிட்டால், அது தன்னை உருவாக்கிய சூழல் நீங்கிய பின்னரும் வாழும். விடிவு, செங்கதிர், எழுச்சி என்பன எந்தப் போராட்டமும் நிகழாத இடங்களிலும் கவிதைகளின் கடைசி வரியாக அமரத் தொடங்கின. தனிச் சிங்களச் சட்டம் 1956இலும் இன வன்செயல் 1958இலும் நிகழ்ந்திருந்தன. எனினும் இன முரண்பாடு வர்க்க ஒற்றுமையினால் தானே தீரும் என்ற எதிர்பார்ப்பு, அம்முரண்பாட்டை முகங்கொடுத்து எழுதுவதைப் பெரிதும் பின்தள்ளியது. விடியும் என்பதை உறுதியாக அறிந்தவனுக்கு இரவிற் செய்வதற்கு வேலை அதிகம் இருப்பதில்லை. இவ்வகையில், நம்பிக்கை வாய்பாடு செயலின்மைக்கும் துணைபோகக் கூடும் என்பது மனங்கொள்ளத்தக்கது. எம். ஏ. நுஃமான் ‘மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்’ (1987) என்னும் நூலில் இயந்திரப் பாங்கான விமர்சன நோக்கை மார்க்சிய நிலைப்பாட்டினின்றே கேள்விக்குட்படுத்தினார் என்பதும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது.

அதே முற்போக்கு முகாமைச் சேர்ந்த என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ என்னும் சிறுகதையை இதனுடன் ஒப்பிட்டு நோக்கலாம். சீர்திருத்தம் பேசும் உயர்சாதியினர் ஒருவரைத் தேடி ஒடுக்கப்பட்ட சாதியினர் அவரது வீட்டுக்கு வருகின்றனர். அவர்களை உள்ளே அழைக்க அவருக்கு மனமில்லை. அழைக்காதிருக்க அவரது கொள்கை இடந்தரவில்லை. நிலவின் அழகைக் காட்டி வெளியே அமர்ந்து பேசலாம் என்று அவர் நயமாகச் சமாளித்துவிடுகிறார். கதை இவ்வளவே. இங்கு எவரும் கொதித்தெழவில்லை. எந்தக் கிழக்கும் வெளுக்கவில்லை. வாய்பாட்டின்படி இது நம்பிக்கையளிக்காத கதை. ஆனால் முற்போக்கான வாசகன் ஒருவன் இக்கதையைப் படித்துவிட்டுத் தன் வீட்டு வாசலை முன்போல எளிதாகக் கடந்துவிட முடியாது. மனிதர் திருந்தக்கூடியவர் என்று நம்பாத ஒருவர் இத்தகைய கதையை எழுதவேண்டிய தேவையே இல்லை. கண்டிப்பின் நுண்மையே அந்த நம்பிக்கையின் சான்றாக அமைகின்றது.

3

1981 மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதனையொட்டி நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதை, ஈழத்து அரசியற் கவிதைகளுள் மிகுதியாகப் பேசப்பட்டவற்றுள் ஒன்று. கனவொன்றில் புத்தர் சுட்டுக்கொல்லப்படுகிறார். சிவில் உடையணிந்த அரச காவலரே கொலையாளிகள். நூலகத்தின் படிக்கட்டிற் சடலம் கிடக்கின்றது. அமைச்சர்கள் இரவிலே வந்து உரையாடுகின்றனர். பின்னர் அக்காவலர் நூல்களைக் கொண்டு சடலத்தை மூடி எரியூட்டுகின்றனர். கவிதையின் முடிவில் எஞ்சுவது சாம்பல் மாத்திரமே.

நம்பிக்கை வரட்சிக்கு இதனைவிட வேறு உதாரணம் வேண்டுமோ என்று பழைய விமர்சகர் கேட்கக் கூடும். ஆனால் கவிதை எவ்விடத்தில் நின்று பேசுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். எரிந்தது தமிழரின் அறிவுச் செல்வம். கொல்லப்பட்டவராகக் கவிஞர் காட்டுவதோ புத்தரை. சிங்கள பௌத்தர் தம் உயிரினும் மேலாகப் போற்றும் ஒருவரே இக்கொடுமையின் முதற்பலி என்று கூறுவதன்மூலம், கொடுமை இழைத்த அரசையும் அந்த அரசு தன் பெயராற் காப்பதாகக் கூறும் அறத்தையும் கவிஞர் வேறுபடுத்திவிடுகிறார். சிங்கள வாசகன் ஒருவன் இக்கவிதையைத் தன் எதிரியின் சாபமாகப் படிக்க முடியாது. தன் சமயத்தின் அளவுகோலாலேயே தான் அளக்கப்படுவதை அவன் உணர்வான். இதிற் கெஞ்சுதலும் இல்லை, சமாதானம் பேசும் பசப்பும் இல்லை. குற்றச்சாட்டு முழுமையானது, ஆயினும் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு மனச்சாட்சி உண்டு என்ற அனுமானத்தின்மீதே அது எழுந்துள்ளது. பிளவுண்ட காலத்தில் குடிமகன் ஒருவன் கைவிடாது காக்கவேண்டிய அனுமானம் இதுவே.

சேரனின் ‘ஒரு சிங்களத் தோழிக்கு எழுதியது’ என்ற கவிதைத் தலைப்பும் இவ்வகையில் நோக்கற்பாலது. கடிதம் என்னும் வடிவத்துக்குப் பெறுநர் ஒருவர் வேண்டும். பெறுநர் இருக்கும்வரை உறவு முற்றாக முறிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

4

1983 யூலை வன்செயலின் பின்னர் நிலைமை முற்றாக மாறியது. சேரன், அ. யேசுராசா முதலியோர் தொகுத்த ‘மரணத்துள் வாழ்வோம்’ (1985) 31 கவிஞர்களின் அரசியற் கவிதைகளைக் கொண்டது. தலைப்பே அக்காலத்தின் மனநிலையைக் கூறும்: மரணம் புறத்தே இருந்து வரும் அச்சுறுத்தலாக அல்லாமல், வாழ்வு நிகழும் இடமாகவே உணரப்பட்டது. அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ (1986) பெண்களின் கவிதைகளை ஒன்றுசேர்த்தது. ஒடுக்குமுறைக்கு எதிரான குரலுக்குள்ளேயே கேட்கப்படாதிருந்த இன்னொரு குரலை அது வெளிக்கொணர்ந்தது. ஒரு சமூகம் தன் விடுதலைக்காகப் போராடும்போது தன் உள்ளே நிலவும் அடக்குமுறையை ஒத்திவைக்க முடியாது என்பதே அத்தொகுதியின் உட்பொருள் எனலாம்.

இவ்வுட்பொருளைத் தன் வாழ்வுவரை கொண்டு சென்றவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மாணவியாக இருந்த சிவரமணி. யுத்தகால இரவு குழந்தைகளை எவ்வாறு வளர்ந்தவர்களாக்கிவிடுகின்றது என்பதைப் பற்றிய அவரது கவிதை பலராலும் அறியப்பட்டது. குழந்தை பலவற்றைக் கற்றுக்கொள்கின்றது. பதில் கிடைக்காதபோது மௌனமாயிருக்கவும், கேள்வி கேட்காதிருக்கவும் பழகிக்கொள்கின்றது. இப்பயிற்சியின் முடிவில் குழந்தைமை நீங்கிவிடுகின்றது. கேள்வி கேட்காமையை முதிர்ச்சி எனக் கொள்ளும் சமூகத்தின் நிலையை இதனைவிடத் தெளிவாகக் கூறிய எழுத்து நம்மிடையே அரிது. 1991 மே மாதத்திற் சிவரமணி, எரிக்கக் கிடைத்த தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தன் வாழ்வையும் முடித்துக்கொண்டார். அவரது முடிவைக் கவிதையின் தர்க்கரீதியான நிறைவாகக் கொள்வதும், அதற்கு ஒளிவட்டம் இடுவதும் தவறான வாசிப்பாகும். அது ஓர் இழப்பு. தவிர்க்கப்பட்டிருக்க வேண்டிய இழப்பு. கவிதை வேறு விதமாகவே பேசுகின்றது. குழந்தை கேள்வி கேட்பது இயல்பு, மௌனமே வலிந்து கற்பிக்கப்பட்டது என்று அது காட்டுகின்றது. கற்பிக்கப்பட்டதை மறக்கவும் முடியும். அதே ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியான கவிஞர் செல்வி விடுதலைப் புலிகளாற் கைதுசெய்யப்பட்டு மீளாது போனமை, கேள்விக்கு அன்று விதிக்கப்பட்டிருந்த விலையை உணர்த்தும்.

5

இத்தகைய சூழலிலே பல்கலைக்கழகத்தார் நால்வர் செய்த பணியை இலக்கிய விமர்சனம் பெரும்பாலும் தன் எல்லைக்குப் புறம்பானதாக ஒதுக்கிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ராஜனி திராணகம, ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் ஆகியோர் எழுதிய ‘முறிந்த பனை’ ஆங்கிலத்தில் 1990இல் நூலாக வெளிவந்து, பின்னர் தமிழாக்கம் பெற்றது. உடற்கூற்றியல், கணிதம், உளமருத்துவம் ஆகிய துறைகளைச் சேர்ந்த இவர்கள் தொழில்முறை எழுத்தாளர்கள் அல்லர். எனினும் நம் காலத்தின் உரைநடைச் சாதனைகளுள் ஒன்றாக அந்நூல் கொள்ளப்படவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

நூலின் சிறப்பு அதன் நடுவுநிலைமையில் உள்ளது என்று கூறுவதுண்டு. அது போதிய விளக்கமாகாது. இலங்கை அரசின் ஒடுக்குமுறையையும், 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலைப் படுகொலை உட்பட இந்திய இராணுவத்தின் கொடுமைகளையும் அது விரிவாகப் பதிவுசெய்தது. அதே கையினால் தமிழ் இயக்கங்களின் உட்கொலைகளையும், அவற்றை மௌனமாக ஏற்றுக்கொண்ட சமூகத்தையும் விசாரணைக்குட்படுத்தியது. பெண்களின் அனுபவத்தை ஆராய்ந்த ராஜனி, அவர்களை அழுது நிற்கும் உருவங்களாக மாத்திரம் காணாது, சிதைவின் நடுவே குடும்பத்தையும் அயலையும் தாங்கி நின்றவர்களாகவும் கண்டார். ஒரு காலத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்துடன் தொடர்புற்றிருந்த அவர், 1988இல் உருவான மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பின் யாழ்ப்பாணக் கிளை நிறுவுநர்களுள் ஒருவராயிருந்தார். 1989 செப்டெம்பர் 21இல் மருத்துவ பீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக்கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 35. கொலைக்கு விடுதலைப் புலிகளே பொறுப்பென்று அவருடன் பணியாற்றியோர் பின்னர் எழுதினர்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். ஒடுக்கப்படும் சமூகம் உயிருக்குப் போராடும் வேளையிலே அதன் உட்குறைகளை வெளியிடுவது ஒடுக்குபவனுக்கே ஆயுதமாகாதா? இந்த ஆட்சேபத்தைக் கோழைத்தனம் என்றோ வெறித்தனம் என்றோ தள்ளிவிடுவது நேர்மையாகாது. மிகுந்த தியாகம் செய்தவர்கள் பலர் இதனை உளமார நம்பினர். ஒடுக்குபவன் அத்தகைய எழுத்துக்களைத் தன் தேவைக்குப் பயன்படுத்தியதும் உண்டு. ஆயினும் இரண்டு காரணங்களால் இந்த ஆட்சேபம் நிற்காது. முதலாவது, உட்குறைகளை மறைக்கும் சமூகம் அவற்றைத் திருத்தும் திறனையும் காலப்போக்கில் இழந்துவிடுகின்றது. மறைக்கப்பட்டவை எதிரிக்குத் தெரியாதனவுமல்ல, தெரியாதிருந்தவர்கள் நாமே. இரண்டாவது, மௌனத்தின் செலவை ஏற்றவர்கள் பெரும்பாலும் மௌனம் காத்தவர்கள் அல்லர். 1990 ஒக்டோபர் மாதத்தில் வடக்கின் முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. யாழ்ப்பாண நூலகத்துக்காகப் ‘புத்தரின் படுகொலை’யை எழுதிய நுஃமான் கல்முனையில் முஸ்லிம் சமூகத்திற் பிறந்தவர்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். அவர் தமிழ்ச் சமூகத்தின் இழப்பைத் தன் இழப்பாகப் பாடி ஒன்பது ஆண்டுகளின் பின்னர், அவரது சமூகத்தவர் அந்நகரைவிட்டுத் துரத்தப்பட்டபோது தமிழ்க் கவிதை உலகில் எழுந்த குரல்கள் மிகச் சிலவே. நமது இலக்கியத்தின் நம்பிக்கை வரட்சியைத் தேடுவோர் அவலக் கவிதைகளில் அன்றி, எழுதப்படாத அந்தக் கவிதைகளிலேயே அதனைத் தேடவேண்டும்.

6

மேற்கூறியவற்றிலிருந்து விமர்சனத்துக்குப் பயன்படத்தக்க அளவுகோல் ஒன்றை வகுக்கலாம். ரகுநாதனின் கதை தன் சாதியை வென்றுவிட்டதாக எண்ணும் சீர்திருத்தவாதியிடம் பேசுகின்றது. நுஃமானின் கவிதை எதிர்த்தரப்பின் மனச்சாட்சியிடம் பேசுகின்றது. சிவரமணி கேள்வியை இழந்துகொண்டிருக்கும் தன் சமூகத்திடம் பேசுகிறார். ‘முறிந்த பனை’ ஆசிரியர்கள் தம் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய தரப்பினர் உட்பட எல்லோரிடமும் பேசினர். இவற்றுள் எதுவும் வெற்றியை வாக்களிக்கவில்லை. கேட்பவர் ஒருவர் இருக்கிறார், அவர் மாறக்கூடியவர் என்ற எண்ணம் மாத்திரம் எல்லாவற்றுக்கும் பொதுவானது. அவ்வெண்ணம் இல்லாதவிடத்து எத்தனை செங்கதிர்களை உதிக்கச் செய்தாலும் அவ்வெழுத்து தன் கூட்டத்தாரின் கைதட்டலுக்கு அப்பாற் செல்வதில்லை.

இவ்வளவுகோல் இலக்கியத்துக்கு மாத்திரம் உரியதன்று. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள், தாய்மாரே பெரும்பாலானோராக, 2017 பெப்ரவரி 20இற் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அத்தாய்மாரின் கண்ணீரை மட்டும் எழுதுவது பழைய பிழையை மீளச் செய்வதாகும். அவர்கள் ஓர் அரசை நோக்கிப் பதில் கோரிய குடிமக்கள். 2022இற் பொருளாதார நெருக்கடியின்போது காலிமுகத்திடலிற் கூடிய மக்கள் எழுச்சியைத் தமிழர் பலர் ஐயத்தோடு நோக்கினர். அவ்வையத்துக்கு வரலாற்று நியாயம் இருந்தது. 2009இல் தம் துயரைக் காணாதிருந்தவர்கள் தம் வீட்டு விளக்கு அணைந்தபோது மாத்திரம் தெருவுக்கு வந்தனர் என்ற மனத்தாங்கலை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே திடலில் 2022 மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நிகழ்ந்தது, கஞ்சியும் பகிரப்பட்டது. சிறிய கூட்டமே அது. அதனால் இன முரண்பாடு தீர்ந்துவிடவும் இல்லை. அதனை விடிவு என்று பாடுவதும் பொய். ஒன்றுமில்லை என்று ஒதுக்குவதும் பொய். அங்கே கேட்பதற்குச் சிலர் இருந்தனர் என்பதே உண்மை. அச்சிலரோடு தொடர்ந்து பேசுவது யார் என்ற வினா எஞ்சியுள்ளது.

பல்கலைக்கழகங்களிற் சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் ஒரே வளாகத்தினுள் வெவ்வேறு மொழிகளிற் கற்று, வெவ்வேறு சங்கங்களிற் கூடி, ஒருவர் இலக்கியத்தை மற்றவர் அறியாமலே பட்டம் பெற்றுச் செல்வதுண்டு. தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் சஞ்சிகை வெளியிடுகின்றன. சிங்களச் சங்கங்களும் அவ்வாறே செய்கின்றன. ஒரு சஞ்சிகையிலேனும் மற்றவரின் கட்டுரை ஒன்று மொழிபெயர்ப்பாக இடம்பெறுமாயின், தன் சமூகத்தின் தவறு ஒன்றைத் தயக்கமின்றி ஆராயும் கட்டுரை ஒன்று அதன் அருகே அமையுமாயின், அது மேற்கூறிய எழுத்தாளர்கள் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியாகும். இதற்குப் பெரும் பணமோ அரசின் அனுமதியோ தேவையில்லை. மொழி கற்கும் பொறுமையும், தம்மவரின் முகச்சுளிப்பைத் தாங்கும் துணிவும் வேண்டும். நம்பிக்கை வரட்சி என்ற சொல்லை விமர்சகர் இனியும் கையாள விரும்புவாராயின், இவ்வேலை நின்றுபோகும் இடத்தைச் சுட்டவே அதனைப் பயன்படுத்துதல் தகும்.